துப்பாக்கி ஆய்வுக்கு யார் பணம் தருகிறார்கள்?

கேள்வி: மலைக்காய்கறி பயிரிடுகிறேன். காட்டுப்பன்றித் தொல்லைக்காக உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. தேர்தல் அறிவித்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருகிறேன். அமெரிக்காவில் துப்பாக்கிக் கொள்கையை ஆராயத் தனியார் அறக்கட்டளைகள் பெரும்பணம் தருவதாகப் படித்தேன். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை அல்லவா இது?
- வாசகர், கோத்தகிரி

பதில்: ஆம், அரசாங்கத்தின் வேலைதான், அது பாதியில் கைவிட்ட வேலை என்பதுதான் விஷயம். நோய்க் கட்டுப்பாட்டு மையம் என்ற அரசு அமைப்பின் நிதியுதவியோடு நடந்த ஓர் ஆய்வு 1993-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு அதிகம் என்றது அது. துப்பாக்கி உரிமையாளர் சங்கமான தேசிய ரைஃபிள் சங்கம் கொதித்தெழுந்தது. 1996-இல் ஆர்கன்சா மாநிலத்திலிருந்து தேர்வான நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கி முன்னின்று கொண்டுவந்த திருத்தம், காயத் தடுப்புக்கான நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்துப் பரப்புரை செய்யப் பயன்படுத்தக் கூடாது என்றது. ஆய்வையே தடுக்கும் சொல் அதில் இல்லை. ஆனால் முந்தைய ஆண்டு இந்த ஆய்வுகளுக்குச் செலவான 26 லட்சம் டாலரை அப்படியே மையத்தின் நிதியிலிருந்து நாடாளுமன்றம் வெட்டியதால், சொல்லாத சேதியை அதிகாரிகள் புரிந்துகொண்டார்கள். பின்னாளில், 2012-இல், ஆய்வு நடக்கத்தான் வேண்டும் என்று டிக்கியே எழுதினார். அரசு நிதி திரும்பி வர மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின: 2019 டிசம்பரில் 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் காலியாகக் கிடந்த இடத்தில்தான் தனியார் பணம் நின்றது. மரத் தொழிலில் சேர்ந்த செல்வத்தைக் கொண்டு சிகாகோவில் இயங்கும் ஜாய்ஸ் அறக்கட்டளை 1993 முதலே இத்துறைக்கு நிதி தருகிறது. ஒபாமா ஒரு காலத்தில் அதன் நிர்வாகக் குழுவில் இருந்தவர். செல்வந்தர்களான ஆர்னால்டு தம்பதியின் அறக்கட்டளை 2018-இல் 2 கோடி டாலர் அறிவித்து, பொறுப்பை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்திடம் கொடுத்தது. மரங்களை வெட்டிச் சேர்த்த பணம் துப்பாக்கி ஆய்வுக்குப் போவதைத் தேயிலைக்காகச் சோலைகளை இழந்த நம் மலைக்காரர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.

கேள்வி: பணம் கொடுப்பவர் விரும்புவதைத்தானே ஆய்வாளர் எழுதுவார்?
- ஓய்வு பெற்ற ஆசிரியை, குன்னூர்

பதில்: அந்தச் சந்தேகம் நியாயமானது, ஆனால் அதைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் என இரு தரப்பின் மீதும் ஒரே அளவில் வைக்க வேண்டும். தேசிய ரைஃபிள் சங்கத்தின் அறக்கட்டளை 2003-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் 10 லட்சம் டாலர் செலவில் பேராசிரியர் இருக்கை ஒன்றை நிறுவியது. அதைக் கண்டுகொள்ளாமல் ஜாய்ஸ் பணத்தை மட்டும் குறை சொல்வதும், ஜாய்ஸை விட்டுவிட்டு இதை மட்டும் சொல்வதும் ஒரே ரகம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின்படி, தனியார் அறக்கட்டளை ஒன்று சட்டமன்றத்தைத் தன் பக்கம் இழுக்கப் பணம் செலவிட்டால் அபராத வரி கட்ட வேண்டும். ஆனால் கட்சி சாராத ஆய்வுக்கும் பகுப்பாய்வுக்கும் விலக்கு உண்டு. ஆகவே சட்டத்தை மாற்ற விரும்பும் அறக்கட்டளைக்கு ஆய்வுதான் திறந்திருக்கும் வாசல். ஆய்வாளருக்கு ஒரு கையாலும், அந்த ஆய்வை ஏந்திப் பேசும் அமைப்புக்கு மறு கையாலும் நிதி தருவது முறைகேடு அல்ல. ஆனால் படிப்பவர் அதை அறிந்திருக்க வேண்டும். (2014-இல் நியூயார்க் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு இயக்கத்துக்கு 5 கோடி டாலர் அறிவித்தாரே, அவர் தம் தரப்பை மறைக்கவில்லை. அப்படிப்பட்டவரோடு வாதிடுவது எளிது.)

எனவே நான் பணத்தின் ஊற்றைப் பார்த்தவுடன் அறிக்கையை மூடிவிடுவதில்லை. தரவு வெளியே தரப்பட்டிருக்கிறதா, முடிவு பிடிக்காவிட்டால் வெளியீட்டை நிறுத்தும் உரிமை நிதியளித்தவருக்கு இருந்ததா என்று பார்க்கிறேன். ராண்ட் 2018-இல் முன்னைய ஆய்வுகளையெல்லாம் அலசியபோது, பெரும்பாலான சட்டங்களின் விளைவைச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே சொன்னது. குழந்தைகளின் கைக்கு எட்டாமல் துப்பாக்கியைப் பூட்டி வைக்கக் கட்டாயப்படுத்தும் சட்டங்கள் சிறார் தற்கொலையையும் தற்செயலான காயங்களையும் குறைப்பதற்கு மட்டும் வலுவான சான்று கிடைத்தது. எந்தத் தரப்பும் மேடையில் உரக்கப் படிக்கக்கூடிய முடிவல்ல அது. அதனாலேயே அதை நம்பலாம் என்று தோன்றுகிறது.

கேள்வி: நம் மலைகளில் இப்படியோர் ஆய்வுக்கு வெளிநாட்டு அறக்கட்டளையிடம் நிதி பெறலாமா?
- கல்லூரி மாணவர், கொடைக்கானல்

பதில்: தனி மாணவராக எளிதில் முடியாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் வாங்க முடியும்; அதுவும் புது டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கின் வழியாகத்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் வழியில்லை.

ஆனால் முதல் படிக்குப் பணமே தேவைப்படாது. பயிர்ப் பாதுகாப்புக்காக எத்தனை துப்பாக்கி உரிமங்கள் நடப்பில் உள்ளன, கடந்த ஆண்டுகளில் எத்தனை புதுப்பிக்கப்பட்டன என்ற எண்ணிக்கையைத் திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு அனுப்பிக் கேளுங்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் வெடித்துக் காயமடைந்த விலங்குகளின் விவரத்தை வனத்துறையிடம் தனி மனுவில் கேளுங்கள். உரிமதாரர்களின் பெயரையும் முகவரியையும் கேட்க வேண்டாம். அதைக் காரணம் காட்டி மனு முழுவதையும் திருப்பிவிடக்கூடும்.