கறுத்த எஞ்சினும் வெளுத்த ஆவியும் ஒரே படத்தில் வர

கேள்வி: ரயில் ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து, விழுப்புரம்–புதுச்சேரி பாதையில் பழைய நீராவி எஞ்சின் ஒன்றை வைத்துத் தனி ரயில் விடக் கேட்டிருக்கிறோம். தை மாதத்தில் கிடைக்கலாம். என்னிடம் டிஎஸ்எல்ஆரும் 18-55 லென்ஸும் இருக்கின்றன. போன முறை ஊட்டி மலை ரயிலை எடுத்தபோது எஞ்சின் கரிக்கட்டையாகவும் ஆவி வெறும் வெள்ளையாகவும் விழுந்தது. இந்த முறை எப்படி எடுப்பது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இரண்டுமே கெட்டிருக்கிறது என்றால் கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம். சூரியனைப் பார்த்து எடுத்திருப்பீர்கள், இல்லையென்றால் உச்சி வெயிலாக இருந்திருக்கும். நீராவி எஞ்சினில் பார்க்க வேண்டியதில் பாதி கொதிகலனுக்குக் கீழேதான் இருக்கிறது: சக்கரம், பிஸ்டன், அதை ஆட்டும் தண்டுகள். வெயில் ஏறிவிட்டால் அத்தனையும் நிழலுக்குள் போய்விடும். காலை எட்டரை மணிக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல் சூரியன் தாழ்வாக இருக்கும்போதுதான் அந்த இடுக்குகளில் வெளிச்சம் நுழையும்.

உங்கள் பாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதனால் காலையில் புதுச்சேரியை நோக்கி வரும் வண்டிக்கு முகத்தில் வெயில் விழும். புதுச்சேரியிலிருந்து காலையில் கிளம்பினால் முகப்பு இருட்டுதான். மாலையில் கிளம்பினால் சரி. ஒருங்கிணைப்பாளர்களிடம் இப்போதே இதைப் பேசுங்கள். எஞ்சினின் முகப்பு எந்தப் பக்கம் இருக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள், திரும்பும்போது அது பின்பக்கமாக ஓட வேண்டி வரலாம்.

தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், ஆகவே தண்டவாளத்துக்குத் தெற்கே நில்லுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த மாதத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும், புகை உங்கள் பக்கமாகவே சாயும். நேர் பக்கவாட்டில் நின்றால் வண்டியே மறைந்து போகலாம். கொஞ்சம் முன்னால் தள்ளி நின்று, முகமும் பக்கமும் சேர்ந்து தெரியும் கோணத்தில் எடுத்தால் புகை பெட்டிகளின் மேல் பின்னால் போய்விடும்.

அப்புறம் எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பது. ஆட்டோவில் விட்டால், கறுத்த எஞ்சின் படச்சட்டத்தை நிரப்பும்போது கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், ஆவி வெளுக்கும். ஆவி நிரம்பினால் குறைக்கும், எஞ்சின் கறுக்கும். அளவை நீங்களே வைக்கும் மேனுவலுக்கு மாறுங்கள். வண்டி வருவதற்கு முன்பே, அதே வெயிலில் இருக்கும் புல்லையோ ஜல்லியையோ பார்த்து அளவெடுத்து, அதிலிருந்து அரை ஸ்டாப்போ முக்கால் ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்துப் பூட்டிவிடுங்கள். கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுத்தால் நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன ஆவியை யாராலும் மீட்க முடியாது. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் வேகம் 1/500 விநாடி என்று தொடங்கிப் பாருங்கள்.

எந்த எஞ்சின் என்று நீங்கள் எழுதவில்லை. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் பழைய எஞ்சினான இ.ஐ.ஆர்-21 ஆக இருந்தால் யோகம்தான். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனி செய்தது. 2010-ல் பெரம்பூர் லோகோ பணிமனையில் சீராக்கி மறுபடி ஓடவிட்டார்கள். அதன் அழகே நடுவிலுள்ள பெரிய சக்கர ஜோடி, சுமார் 6 அடி விட்டம். வண்டி 30 கி.மீ. வேகத்தில் போனால் அது விநாடிக்கு ஒன்றரைச் சுற்று சுற்றும். 1/500-ல் எடுத்தால் சக்கரத்தின் ஆரக்கால்கள் உறைந்து, வண்டி நிற்பது போலத்தான் தெரியும். 1/30-க்கு இறங்கி, வண்டியோடு சேர்ந்து கேமராவைத் திருப்பிக்கொண்டே அழுத்தினால் ஆரக்கால்கள் கலையும், உடல் கூர்மையாக நிற்கும். முதலில் இது சொதப்பத்தான் செய்யும். உங்கள் ஸ்டேஷனில் வேகம் குறைத்து வரும் பாசஞ்சர் வண்டிகளை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், ஓடும் படத்தைவிடக் கிளம்பும் படம்தான் மேல். நின்ற எஞ்சினின் சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருக்கும். அதை வெளியேற்ற டிரைவர் அடியிலுள்ள வடிகால் வால்வைத் திறந்து வைத்துத்தான் நகர்த்துவார். இரு பக்கமும் சீறிக்கொண்டு ஆவி பாயும். விடிகாலைக் குளிரில் அது உடனே கரையாமல் திரண்டு நிற்கும், பகல் சூட்டில் வந்த வேகத்தில் மறைந்துவிடும். சக்கரம் முழுதும் மறைவதற்குள், முதல் சீறலிலேயே அழுத்திவிடுங்கள்.

இடத்துக்கு வில்லியனூர் தாண்டிச் சின்னபாபுசமுத்திரம் பக்கத்து வயல்வெளியை முந்தின வாரமே போய்ப் பார்த்து வாருங்கள். இது மின்பாதை. புகைபோக்கியிலிருந்து மின்கம்பம் முளைத்தது போல வந்தால் படமே வீண். இரண்டு கம்பங்களுக்கு நடுவே எஞ்சின் வரும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே ஓடுவது 25,000 வோல்ட் என்பதால் நீளக் குச்சி, செல்ஃபி கம்பு எதையும் தூக்கிப் பிடிக்காதீர்கள். அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட விதிக்கலாம். கார்டு சம்மதித்து இறக்கிவிட்டால் மட்டும் இறங்குங்கள். இறங்கியதும் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதென்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒருவர் இரண்டடி முன்னால் போனாலும் மற்ற எல்லோர் படத்திலும் அவர் முதுகுதான் இருக்கும்.