சுடர் ஒரு பக்கம் உயரமாக, மறுபக்கம் குட்டையாக எரிகிறதா? துளையை விடுங்கள், அதற்குப் பின்னால் இருக்கும் அறையைப் பாருங்கள்

ஒரு வாசகர் சொந்தமாக ஒரு எல்பிஜி பர்னர் வடிவமைத்து, பட்டறையில் கடைந்து எடுத்திருக்கிறார். சுமார் 2 கிலோவாட். பக்கவாட்டில் வந்து சேரும் மிக்ஸிங் டியூப் (வாயுவும் காற்றும் கலக்கும் குழாய்), வட்டமான தலை, அதன் விளிம்பில் ஒற்றை வரிசையாகத் துளைகள். பற்றவைத்தால் டியூப் நுழையும் பக்கத்தில் சுடர் குட்டையாகவும் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் உயரமாகவும் எரிகிறதாம். பாத்திரத்தின் அடியில் ஒரு வளையம் மட்டும் கருகுகிறது, நடுப்பகுதி சரியாகச் சூடேறுவதில்லை. குட்டையாக எரியும் பக்கம் இன்னும் சில துளைகள், நடுவில் சில துளைகள் என்று போட்டுவிட்டால் சரியாகுமா என்பது அவர் கேள்வி.

தயவுசெய்து இப்போதைக்கு டிரில்லை எடுக்காதீர்கள். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு போலத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு. சுடர் சுற்றிலும் ஒரே அளவாக எரியாதது ஒன்று, சுடர் சீராகவே எரிந்தாலும் பாத்திரத்தின் பரப்பு முழுக்கச் சூடு பரவாதது இன்னொன்று. முதலாவது தலைக்குள் நடக்கும் காற்றோட்டப் பிரச்சினை. இரண்டாவது, சூட்டை எந்த வட்டத்தில் எவ்வளவு கொடுக்கிறோம் என்ற கணக்கு. முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதில் கை வைத்தால் எது எதனால் நடக்கிறது என்றே பிடிபடாது.

முதலாவதுக்கு வருவோம். எல்பிஜி ஜெட்டுக்கு (வாயு பீறிடும் சின்னத் துளை உள்ள முனை) வந்து சேரும்போது அழுத்தம் சுமார் 30 மில்லிபார், அதாவது 3000 பாஸ்கல். 2 கிலோவாட்டுக்கு ஜெட்டின் துளை 0.8 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அதிலிருந்து வாயு நொடிக்கு 50 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பீறிடுகிறது. அந்த வேகம்தான் பக்கத்தில் இருக்கும் காற்றை இழுத்துக்கொண்டு டியூப்புக்குள் போகிறது. எல்பிஜியில் இருக்கும் வாயுக்களில் ஒன்றான புரோப்பேன் ஒரு பங்கு முழுதாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும்; அதில் பாதியளவைத்தான் டியூப் வழியாக பிரைமரி ஏராக இழுக்கிறோம், மீதி சுடரைச் சுற்றியுள்ள வெளிக்காற்றிலிருந்து வர வேண்டும். இவ்வளவு காற்றையும் இழுத்து நகர்த்துவதிலேயே ஜெட்டின் சக்தி கிட்டத்தட்ட முழுக்கச் செலவாகிவிடுகிறது. 3000 பாஸ்கலில் தொடங்கியது துளைகளுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது வெறும் 3 பாஸ்கல் அளவுக்கு வந்துவிடும்!

இந்த 3 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பர்னரின் துளைகளின் மொத்தப் பரப்பு 200 சதுர மி.மீ. என்றால் (2 கிலோவாட்டுக்கு அது நியாயமான அளவுதான், சதுர மி.மீ.க்கு 10 வாட்), வாயுவும் காற்றும் சேர்ந்த கலவை துளையை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர் அருகில். அதைத் தள்ளத்தான் அந்த 3 பாஸ்கல். இப்போது டியூப்பைப் பாருங்கள். அதன் குறுகலான இடம், அதாவது கழுத்து, 12 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால் அங்கே கலவை நொடிக்கு 2.6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் உந்துவிசையை அழுத்தமாகச் சொன்னால் சுமார் 4 பாஸ்கல். துளைகளைத் தள்ளும் அழுத்தத்தைவிட உள்ளே நுழையும் ஓட்டத்தின் உந்தலே அதிகம் என்றால் என்ன ஆகும்? நேராகப் பாய்ந்து எதிர்ச்சுவரில் மோதும், அங்கே அழுத்தம் ஏறும், அந்தப் பக்கத் துளைகளில் சுடர் உயரும். நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துளைகளைக் கலவை கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். நீங்கள் பார்ப்பது அச்சு அசல் இதுதான். வரிசையாகத் துளையிட்ட குட்டையான தண்ணீர்க் குழாயில் கடைசித் துளைகளில்தான் நீர் வேகமாகப் பீச்சும், பார்த்திருப்பீர்கள்; அதே கதை.

இப்போது துளைகளை அதிகமாக்கினால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடலாம். துளைப் பரப்பு கூடக் கூட அந்த 3 பாஸ்கல் இன்னும் இறங்கும். இழுக்கப்படும் காற்று பெரிதாக மாறாது என்று வைத்துக்கொண்டால், பரப்பு இரண்டு மடங்கானதும் அழுத்தம் நான்கில் ஒரு பங்குக்கு விழும், உள்ளே ஓடும் கலவையின் உந்தலோ அப்படியே இருக்கும். ஏற்றத்தாழ்வு கூடத்தான் செய்யும். போதாக்குறைக்கு, துளையில் கலவையின் வேகம் குறைந்ததும், சிம்மில் வைக்கும்போது சுடர் துளைக்குள்ளே பின்வாங்கி டியூப்புக்குள் எரிய ஆரம்பிக்கும் ஆபத்தும் வரும். 'டப்' என்ற சத்தமும் ஜெட் பக்கத்தில் சீறலும் கேட்டால் அதுதான், உடனே வால்வை மூடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? உள்ளே வரும் கலவையின் வேகத்தைத் தலைக்குள் நுழையும் முன்பே இறக்க வேண்டும். கழுத்துக்கு அப்புறம் டியூப்பை மெல்ல அகலப்படுத்துங்கள், 12 மி.மீ.யிலிருந்து 20 மி.மீ. வரைக்கும். சட்டென்று விரித்தால் ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்து, விரித்ததன் பலன் போய்விடும். ஒவ்வொரு பக்கமும் 3 அல்லது 4 டிகிரிக்கு மேல் சாய்வு வேண்டாம். அப்படிப் பார்த்தால் அந்த விரிவுக்கு மட்டும் 65 மி.மீ. நீளம் தேவைப்படும். இடம் போகிறதே என்று இதைக் குறைத்துக்கொள்ளத் தோன்றும், குறைக்காதீர்கள். 20 மி.மீ. வாயில் வேகம் நொடிக்கு 1 மீட்டருக்கும் கீழே வந்து, உந்தல் அரை பாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 3 பாஸ்கலுக்கு முன்னால் அரை பாஸ்கல் என்றால் துளைகளுக்குள் பெரிய பாகுபாடு இருக்காது. கழுத்தின் பரப்பைப் போல 1.5 முதல் 2.2 மடங்கு வரை துளைகளின் மொத்தப் பரப்பு இருப்பது பழக்கத்தில் இருக்கும் அளவு, உங்களுடையது அதற்குள்தான் இருக்கிறது.

அடுத்தது தலையின் உள்ளறை. தலை தட்டையாக இருந்தால் பார்க்க அழகுதான், ஆனால் கலவை சுற்றிவர இடம் வேண்டும். உள்ளே அது கடந்துபோகும் வழியின் குறுக்குப் பரப்பு எந்த இடத்திலும் துளைகளின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். முடிந்தால் டியூப்பை வளைத்து, தலைக்கு நேர் கீழே நடுவில் நின்று மேல்நோக்கித் திறக்கும்படி வையுங்கள், அப்போது எல்லாத் துளைக்கும் தூரம் ஒன்றாகிவிடும். பக்கவாட்டு நுழைவுதான் வேண்டுமென்றால் வாய்க்கு எதிரே ஒரு தடுப்புத் தகடு, அல்லது துளைகளுக்குக் கீழே அறை முழுக்க ஒரு சல்லடைத் தகடு. அந்தத் தகட்டின் திறந்த பரப்பும் துளைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தால் போதும், அதிகம் அழுத்தம் தின்னாமல் ஓட்டத்தைச் சமப்படுத்திவிடும்.

இவ்வளவும் செய்வதற்கு முன்னால் ஒரு சோதனை. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, தலையின் மேல் துளைகளோடு உட்காரும் மூடியை மட்டும் 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடி பற்றவையுங்கள். உயரச் சுடரும் மூடியோடு சேர்ந்து திரும்பினால் கோளாறு மூடியில்: துளைகளின் அளவு மாறியிருக்கலாம், டிரில் செய்த பிசிறு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கலாம், மூடி உட்காரும் விளிம்பு ஒரு பக்கம் தூக்கி அந்த இடுக்கு வழியாகக் கலவை கசியலாம். சுடர் இருந்த இடத்திலேயே இருந்தால் கோளாறு அறையிலோ டியூப்பிலோ. பிசிறைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், 2 மி.மீ. துளையின் உள்விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பிசிறு இருந்தாலே அந்தத் துளையின் சுடர் பக்கத்துச் சுடரைவிடக் குட்டையாகத் தெரியும். ஜெட் டியூப்பின் நடுவை நேராகப் பார்க்கிறதா என்பதையும் இதோடு பாருங்கள். கோணல் ஜெட் கலவையை டியூப்பின் ஒரு சுவரோடு ஒட்ட வைத்துவிடும், காற்றையும் குறைவாக இழுக்கும். அப்புறம் அறையில் என்ன திருத்தினாலும் பலன் அரைகுறைதான்.

இனி கருகும் வளையம். இதில் நடுவில் துளை போடலாம் என்ற உங்கள் யோசனை சரியான திசைதான், எத்தனை என்பதில்தான் விஷயம். பாத்திரத்தின் அடி 20 செ.மீ. என்றால், அதன் நடுவே 10 செ.மீ. வட்டத்தின் பரப்பு மொத்தத்தில் கால்பங்குதான். பாதி அகலம் என்பதால் பாதிச் சூடு என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். கால்பங்குச் சூடுதான் உள்வளையத்துக்கு, முக்கால்பங்கு வெளிவளையத்துக்கு. உள்ளே எரிந்த சூடான வாயு பாத்திரத்தின் அடியைத் தடவிக்கொண்டே வெளிப்பக்கம் போவதால் ஓரத்துக்கும் அதில் பங்கு கிடைக்கும், ஆனால் ஓரம் வெளிக்காற்றில் சூட்டை இழக்கவும் செய்கிறது, அதனால் தொடக்கத்துக்கு இந்தக் கால்-முக்கால் கணக்கு சரி.

200 சதுர மி.மீ.யை 2 மி.மீ. துளைகளாகப் பிரித்தால் சுமார் 64 துளைகள். உள்ளே 16, வெளியே 48. துளைக்குத் துளை மையத்திலிருந்து மையம் 5 மி.மீ. விட்டால் உள்வளையத்தின் விட்டம் 25 மி.மீ. சொச்சம், வெளிவளையம் 76 மி.மீ. அருகில் வரும். மொத்த எண்ணிக்கை கூடவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இடைவெளியை இதைவிட நெருக்கினால் சுடர்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து மஞ்சள் நுனி தட்டும், ரொம்ப விட்டால் ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குத் தீ தாவாது. வெளிவளையத் துளைகளை வெளிப்பக்கம் சாய்த்துத் துளையிடுங்கள், உள்வளையம் ஏறக்குறைய நேராக மேலே பார்க்கட்டும்.

உள்வளையத்துக்கு ஒரு ஆபத்து உண்டு, பலரும் கவனிக்காத இடம் இது. வெளிவளையச் சுடர் ஒரு வேலி மாதிரி சுற்றி நிற்பதால் நடுவில் இருக்கும் சுடருக்கு வெளிக்காற்று போய்ச் சேராது. எரிவதற்குத் தேவையான காற்றில் பாதி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அது கிடைக்காவிட்டால் நடுச்சுடர் நீண்டு, தளர்ந்து, மஞ்சளாகி, கரி படிய வைக்கும், கார்பன் மோனாக்சைடும் கூடும். ஆகவே தலையின் நடுவே அடியிலிருந்து காற்று ஏறிவர ஒரு திறந்த வழி, வெளிவளையத்தில் மூன்று நான்கு இடங்களில் துளையே இல்லாத இடைவெளி, இரண்டும் வேண்டும். அந்த இடைவெளிகளைப் பாத்திரம் தாங்கும் கால்களுக்கு நேர் கீழே வைத்துவிட்டால் இன்னொரு நன்மை: கால்களில் சுடர் மோதி அணைந்து போவதும், கால் பழுக்கச் சிவப்பதும் நிற்கும்.

பாத்திரத்தின் உயரத்தையும் கண்ணால் பார்த்தே நிதானிக்கலாம். சுடருக்குள் தெளிவான நீலக் கூம்பு தெரிகிறதே, அதன் நுனி பாத்திரத்தைத் தொடக்கூடாது, சில மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். தொட்டால் எரிந்து முடியாத வாயு குளிர்ந்த உலோகத்தில் பட்டு அப்படியே கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். ரொம்பத் தூக்கினால் சூடு பக்கவாட்டில் ஓடிவிடும்.

பர்னரை மாற்றிய பிறகு சோதிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் மாவைச் சல்லடையால் சீராகத் தூவி, நடுத்தரச் சுடரில் வையுங்கள். எந்த இடம் முதலில் பழுப்பாகிறது என்று அடியில் சூடு பரவும் விதத்தைப் படம் போலக் காட்டிவிடும். தகடு மெல்லியதாக இருப்பது முக்கியம், கனமான அலுமினியத் தகடு சூட்டைத் தானே பரப்பிப் பர்னரின் குறையை மறைத்துவிடும். அலுமினியம் சூட்டைக் கடத்துவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போல பத்து மடங்குக்கும் மேல். நீங்கள் பார்த்த கருகல் மெல்லிய ஸ்டீல் பாத்திரத்தில் என்றால் அதில் பாத்திரத்துக்கும் பங்கு இருக்கிறது. இந்தச் சோதனையை அடுப்பு பத்துப் பதினைந்து நிமிடம் எரிந்த பிறகு செய்யுங்கள். தலை சூடானதும் உள்ளே இருக்கும் கலவையும் சூடாகி விரிவதால் இழுக்கும் காற்று குறையும், குளிர்ந்த பர்னரில் நன்றாக இருந்த சுடர் சூட்டில் மஞ்சள் நுனி காட்டலாம். டியூப்புக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஷட்டரை அந்தச் சூடான நிலையில்தான் செட் பண்ண வேண்டும்.

சிம்மையும் பார்த்துவிடுங்கள். வாயுவின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுவதால், சூட்டை மூன்றில் ஒரு பங்காக்கினால் ஜெட்டின் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்குக்குப் போய்விடும். துளைக்குப் பின்னால் இருக்கும் 3 பாஸ்கலும் அதே விகிதத்தில் சுருங்கும். முழுச்சுடரில் தெரியாத ஏற்றத்தாழ்வும், அணைந்து அணைந்து எரியும் துளைகளும் அப்போதுதான் வெளியே வரும்.

ஜெட் துளையை மட்டும் ஊசியாலோ டிரில்லாலோ பெரிதாக்க வேண்டாம். 0.8 மி.மீ.யை 0.9 ஆக்கினால் வாயு கால்பங்குக்கு மேல் கூடிவிடும், மேலே போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டிய பிறகும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள், எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரம் தேங்கும், கீழே காற்று வெளியேற வழி இருக்கட்டும். சுடர் நீலமாக இருப்பதை வைத்து மட்டும் பர்னர் பாதுகாப்பானது என்று முடிவு செய்யவும் முடியாது. நீங்கள் மட்டும் திறந்த வெளியில் சோதித்துப் பார்க்கும் வரை பரவாயில்லை, ஆனால் இதை ஒரு சமையலறைக்குள் வைக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன், புகையில் கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டையாக்சைடுக்கும் உள்ள விகிதத்தைப் பாத்திரம் வைத்த நிலையில் அளந்து தரும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள், முழுச்சுடரிலும் சிம்மிலும் தனித்தனியாக.