தினமும் பெருக்கித் துடைத்தாலும் வீட்டை முழுசாகச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தரையைப் பார்த்தால் தெரியாது. ஸ்டூல் போட்டு ஏறி, அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியின் தலையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வெறும் தூசி என்றால் ஊதினாலே பறக்கும். விரல் ஒட்டினால், தாளிக்கும்போது எழுந்த எண்ணெய்ப்புகை படிந்து, அதில் தூசி சேர்ந்து பிசுக்காகிவிட்டது என்று அர்த்தம். ஈரத்துணி அதைப் பரப்பத்தான் செய்யும். வெந்நீரில் பாத்திர சோப்பைக் கரைத்துத் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும். எங்கள் வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேனின் நிறம் வெள்ளை என்பதே அப்படித் தேய்த்தபோதுதான் நினைவுக்கு வந்தது!

அப்புறம் சிலிண்டரை நகர்த்திப் பாருங்கள். பயறு அளவில் பழுப்பு நிறக் கூடு கிடந்தால் அது கரப்பான் முட்டை. அந்த மூலைக்குப் பல நாளாகத் துடைப்பம் போகவில்லை.

குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிந்திருப்பது உப்புத்தண்ணீரின் சுண்ணாம்பு. வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தால் இளகும். அவசரப்பட்டு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.