எனக்கு ஏதாவது ஆனால் பிள்ளைகளை யார் பார்ப்பது?

கேள்வி: என் கணவர் எய்ட்ஸ் வந்து போன வருஷம் இறந்துவிட்டார். எனக்கும் எச்ஐவி இருக்கிறது. எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். மகளுக்கு 16 வயது, மகனுக்கு 9. மாமனார் கட்டிய வீட்டில் இருக்கிறோம். கணவரின் அண்ணன் காலி செய்யச் சொல்கிறார். எனக்குப் பிறகு பிள்ளைகள் அவர் கையில் சிக்காமல், என் தங்கையிடம் வளர வழி உண்டா?

பதில்: உண்டு, சகோதரி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் மகன் கல்யாணத்தை நீங்களே முன்னின்று நடத்தலாம். ஆனாலும் ஏற்பாடு செய்து வைப்பது நல்லதுதான்.

வழக்கமாக உயில் என்றால் எழுதியவர் இறந்த பிறகுதான் அதற்கு உயிர். 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இங்கே ஒரு படி மேலே போகிறது. அதன் 33-ஆவது பிரிவின்படி, உங்கள் தங்கையைக் காப்பாளராக நியமித்து உயில் எழுதலாம். நீங்கள் செயல்பட முடியாமல் படுத்துவிட்டாலே அவர் பொறுப்புக்கு வந்துவிடுவார். குணமாகி எழுந்ததும் பொறுப்பு மறுபடி உங்களுக்கே. பெற்றவள் என்ற உரிமை ஒருநாளும் போகாது. பிள்ளைகளுக்கு வரவேண்டிய சொத்தைப் பார்த்துக்கொள்ளவும் அதே உயிலில் எழுதலாம்.

நீங்கள் கையெழுத்துப் போடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்து, அவர்களும் கையெழுத்திட வேண்டும். உள்ளே இருப்பதை அவர்கள் படிக்கத் தேவையில்லை. ஆகவே நோய் விவரம் ஊருக்குத் தெரியுமே என்ற பயம் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் எதிர்ப்பவர் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் பதிந்துவிடுங்கள் என்பேன்.

தங்கை வெளியூரில் இருந்தால்? 32-ஆவது பிரிவு கைகொடுக்கும். 12 வயதைத் தாண்டிய, விவரம் தெரிந்த பிள்ளை, எச்ஐவியால் பெற்றோர் செயல்பட முடியாமல் போன குடும்பத்தை நடத்தி வந்தால், 18 ஆகாவிட்டாலும் தம்பிக்குக் காப்பாளராகலாம். பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் உங்கள் மகளே கையெழுத்திட முடியும். பல அலுவலகங்களில் இது தெரியாமல் திருப்பி அனுப்பக்கூடும். சட்ட நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

சரி, வீடு. அது யார் பெயரில் இருக்கிறது என்பது வேறு, குடியிருக்கும் உரிமை வேறு. பிள்ளைகளுக்கு இதே சட்டமும், உங்களுக்கு 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அந்த உரிமையைத் தருகின்றன. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். 15100-ஐ அழைத்துக் கேளுங்கள். வழக்கில் உங்கள் பெயரை மறைத்து நடத்தவும் கோரலாம். அதுவரை கணவரின் அண்ணன் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.