மேஜர் மகள் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கட்டும்

வேலூர் மாவட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் ராணுவத்தில் மேஜர். பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்து, ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்னும் குறுகிய காலப் பணியில் சேர்ந்தவர். அடுத்த ஆண்டு பத்து வருடம் நிறைகிறது. வெளியே வந்து சொந்த ஊரிலிருந்தே அரசியல் செய்யப் போகிறேன் என்கிறாராம். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பெங்களூரில் இருக்கும் பெரிய மாப்பிள்ளை, ஐஐஎம் கோர்ஸ் முடித்துவிட்டு கார்ப்பரேட்டில் சேரட்டும் என்கிறார். சித்தப்பா, பெர்மனென்ட் கமிஷன், அதாவது நிரந்தரப் பணி வாங்கிப் பென்ஷனோடு வரட்டும் என்கிறார். கல்யாணப் பேச்சு தனி.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, தேர்தலை நம்பி ஒரு பெண் வெளியே வந்தால் எந்த அப்பாவுக்கும் தூக்கம் வராது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. உங்கள் வீட்டில் வந்திருக்கும் யோசனைகளில் மகளுடையதுதான் உருப்படியானது. அதை எங்கிருந்து தொடங்குவது என்பதைத்தான் யாரும் பேசவில்லை.

முதலில் மாப்பிள்ளையின் யோசனை. ஓய்வுபெறும் அதிகாரிகளுக்காகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுகுடியமர்வு இயக்குநரகம் ஐஐஎம்களில் 24 வார நிர்வாகப் பயிற்சி நடத்துகிறது. நல்ல பயிற்சிதான். தளவாடம், மனிதவளம், பாதுகாப்பு நிர்வாகம் என்று தனியார் துறைக்குப் போகிறவர்களுக்கு அது பயன்படும். உங்கள் மகள் போக நினைப்பது அங்கே அல்ல. ஆறு மாதம் விடுதி, அதன்பின் குருகிராமிலோ பெங்களூரிலோ வேலை, வாடகை வீடு, கார் லோன். வாக்காளர் அட்டையும் அந்த ஊருக்கே மாறும். நான்கு வருடம் கழித்து ஊருக்கு வரும்போது, "எந்த வீட்டுப் பொண்ணு?" என்று கேட்பார்கள். அரசியலுக்குப் போகிறவருக்கு ஊரில் இல்லாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம். சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக அந்தச் சான்றிதழை வாங்க வைக்காதீர்கள்.

சித்தப்பாவின் யோசனையில் பாதி சரி. அதிகாரிகளுக்குப் பென்ஷன் கிடைக்க 20 ஆண்டுப் பணி வேண்டும். பத்து வருடத்தில் வெளிவந்தால் பென்ஷன் கிடையாது, பணிக்கொடைதான். ஒவ்வொரு ஆறு மாதப் பணிக்கும் அரை மாத ஊதியம் என்ற கணக்கில், பத்து வருடத்துக்குப் பத்து மாத ஊதியம். அடிப்படைச் சம்பளம் 78,000, ராணுவச் சேவை ஊதியம் 15,500, அகவிலைப்படி 55 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மொத்தம் பதினான்கரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். வைப்பு நிதியும் குழுக் காப்பீட்டு முதிர்வுத் தொகையும் தனி. ஆயுள் முழுக்க உட்கார்ந்து சாப்பிட இந்தப் பணம் போதாது என்பதை மகளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் பென்ஷனுக்காகப் பெர்மனென்ட் கமிஷன் வாங்கினால், பிறகு நினைத்த நேரத்தில் வெளியேற முடியாது. முன்கூட்டி ஓய்வு கேட்டு விண்ணப்பித்து, ராணுவம் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். 2020 பிப்ரவரி 17 அன்று பபிதா புனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்குப் பெர்மனென்ட் கமிஷனைத் திறந்துவிட்டது பெரிய விஷயம். ராணுவத்திலேயே வாழ்நாளைக் கழிக்க விரும்புகிறவர்களுக்கு அது கிடைத்த வெற்றி. அரசியல் மனசோடு இருக்கிறவரைப் பென்ஷனுக்காக இன்னும் பத்து வருடம் கட்டிப்போட அது வந்ததல்ல.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பத்து வருடம் முடிந்ததும் நான்கு வருட நீட்டிப்பு கேட்கலாம். அந்த நான்கு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யலாம். கையில் சேமிப்பு குறைவாக இருந்தால் ஒன்றரை, இரண்டு வருடம் நீட்டித்துப் பணம் சேர்த்துக்கொண்டு வெளியே வரட்டும். ஒரு எச்சரிக்கை: பணிக்காலம் முடிந்து விடுவிக்கப்படுவதும், இடையில் சொந்த விருப்பத்தில் விலகுவதும் காகிதத்தில் ஒன்றல்ல. முன்னாள் படைவீரர் என்ற தகுதி, விடுவிப்பு ஆணையில் எழுதப்படும் காரணத்தைப் பொறுத்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அந்த வாசகத்தைக் காட்டிக் கேட்டுவிட வேண்டும். வெளியேறும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையையும் அவசரத்தில் முடிக்கக் கூடாது. முழங்கால், முதுகு, காது என்று பணியில் வந்த பாதிப்பு எதுவானாலும் அங்கேயே பதிவாக வேண்டும். பிறகு அதை நிரூபிக்க அலைவது பெரும்பாடு.

அதுவரை வாயைக் கட்ட வேண்டும். இதில் சலுகையே இல்லை. 1954 ராணுவ விதிகளில் 20-ஆவது விதி, பணியில் இருப்பவர் கட்சிக் கூட்டத்தில் கலந்துகொள்வதையும் கட்சிக்கு நிதி கொடுப்பதையும் தடுக்கிறது. தான் வேட்பாளர் என்றோ, வேட்பாளராகப் போகிறவர் என்றோ பகிரங்கமாக அறிவிப்பதும் குற்றம். விடுப்பில் ஊருக்கு வந்திருந்தாலும் இதுவே சட்டம். ஊர்த் திருவிழாவுக்கு "வருங்கால தலைவியே வருக" என்று நண்பர்கள் பேனர் வைத்தால் விளக்கம் கேட்கப்படுபவர் மகள்தான். வாட்ஸ்அப் குழுக்களில் நீங்களும் பெருமையடிக்காமல் இருங்கள். விடுவிப்பு நாள் கடந்துவிட்டால் கட்சியில் சேரக் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. மறுநாளே சேரலாம்.

சேரலாம் என்பதால் சேர வேண்டும் என்றில்லை. ராணுவத்திலிருந்து அரசியலுக்கு என்றால் நம் ஆட்கள் வி.கே. சிங்கையும் ராஜ்யவர்தன் ராத்தோரையும் காட்டுகிறார்கள். ஒருவர் தரைப்படைத் தளபதியாக இருந்தவர், மற்றவர் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். இருவரும் 2014-இல் நேரே மக்களவைக்குப் போனார்கள். யாருக்கும் தெரியாத ஒரு மேஜருக்குக் கட்சிகள் அப்படி சீட் தராது. மேடையில் உட்கார வைத்து மாலை போடும், வேட்பாளர் பட்டியல் வரும்போது மறந்துவிடும். உங்கள் மகள் படிக்க வேண்டிய வாழ்க்கை அமெரிக்காவின் டாமி டக்வொர்த்துடையது. 2004-இல் இராக்கில் அவர் ஓட்டிய ஹெலிகாப்டர் சுடப்பட்டு இரண்டு கால்களையும் இழந்தார். 2006-இல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நின்று தோற்றார். அதன்பின் இல்லினாய் மாநிலத்தின் முன்னாள் படைவீரர் துறையையும், தொடர்ந்து மத்திய அரசில் அதே துறையின் உயர் பொறுப்பையும் பார்த்தார். 2012-இல் பிரதிநிதிகள் சபை, 2016-இல் செனட். அவ்வளவு பெரிய தியாகக் கதை இருந்தும் முதல் தேர்தலில் அது ஜெயிக்க வைக்கவில்லை. இடையில் நிர்வாகம் பார்த்த வருடங்கள்தான் அவரைத் தூக்கிவிட்டன.

நம் ஊரில் அந்த நிர்வாகப் பயிற்சி கிடைக்கும் இடம் கிராம ஊராட்சி. படித்த குடும்பங்கள் இதை ஏனோ இளக்காரமாகப் பார்க்கின்றன. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னம் கிடையாது. கட்சி சீட்டுக்கு யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தரும் அரசியலமைப்பின் 106-ஆவது திருத்தம் 2023-இல் நிறைவேறினாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

முதல் வேலை வாக்காளர் பட்டியல். பணியில் இருக்கும்வரை மகள் பெயர் ஊர்ப் பட்டியலின் கடைசிப் பகுதியில் படைப்பணி வாக்காளராக இருக்கும், அல்லது பணியிடத்தில் பொது வாக்காளராக இருக்கும். படைப்பணி வாக்காளராக இருந்தால், விடுவிப்பு ஆணை கைக்கு வந்ததும் படிவம் 6 கொடுத்து ஊர் முகவரியில் பொது வாக்காளராகச் சேர வேண்டும். பணியிடத்தில் பொது வாக்காளராக இருந்தால் படிவம் 8 கொடுத்து ஊருக்கு மாற்ற வேண்டும். அந்த ஊராட்சியின் பட்டியலில் பெயர் இல்லாதவர் அங்கே தலைவர் பதவிக்கு நிற்க முடியாது. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை. நல்ல வேட்பாளர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது இடஒதுக்கீடு. உங்கள் ஊராட்சி பொதுவா, பெண்கள் பொதுவா, பட்டியல் இனத்தவருக்கா என்பது சுழற்சியில் மாறும். ஊர் மகளுக்கு ஒத்துவராத பிரிவில் விழுந்தால், ஊராட்சி ஒன்றியக் குழு வார்டைப் பார்க்கலாம். ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு வார்டு. அங்கே கட்சிச் சின்னம் உண்டு, சுயேச்சையாகவும் நிற்கலாம். தேர்தல் தேதியை நம்பி ராஜினாமா எழுத வேண்டாம். உங்கள் மாவட்டத்தில் ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது, அந்தப் பதவிக்காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போனாலும் தாங்கும் அளவுக்குக் கையில் பணமும் செய்ய ஒரு வேலையும் இருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில் என்ன கற்பது? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூடும். அதில் வரவுசெலவு வாசிப்பார்கள், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வீட்டு வரி எவ்வளவு வசூல், தெருவிளக்கு மின்கட்டணம் எவ்வளவு, கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குப் பாக்கி எவ்வளவு என்று மகள் குறித்துக்கொள்ளட்டும். ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்கள் உண்டு. கிராம ஊராட்சிகளைப் பார்ப்பவர் யார், ஒன்றியத்தைப் பார்ப்பவர் யார் என்று தெரியாமல் போய் மனு கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தான் மட்டும் ஜெயித்து, வார்டுகளில் எதிராளிகள் வந்துவிட்டால் டேங்க் ஆபரேட்டர் சம்பளம்கூட நிற்கும். படையில் உத்தரவு போட்டுப் பழகியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். முறைகேடு நடந்தால் 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் தலைவரைப் பதவிநீக்கம் செய்யும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு. பில் ஒவ்வொன்றையும் படித்துக் கையெழுத்துப் போடும் ராணுவப் பழக்கம் அப்போது காப்பாற்றும்.

பிரச்சாரத்தில் சீருடைப் படம் வேண்டாம். படைவீரர்களின் படங்களைத் தேர்தல் விளம்பரத்தில் போடக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013-இலேயே கட்சிகளுக்குச் சொல்லி, 2019-இல் மறுபடி நினைவூட்டியது. பெயருக்கு முன் மேஜர், பின் அடைப்புக்குறிக்குள் ஓய்வு. அது போதும். விடுவிப்பு ஆணையின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும். 2019-இல் வாராணசியில் எல்லைப் பாதுகாப்புப் படையிலிருந்து நீக்கப்பட்ட தேஜ் பகதூர் யாதவின் மனு, நீக்கத்தின் காரணம் குறித்த சான்றிதழைக் கெடுவுக்குள் தராததால் தள்ளுபடியானது. உங்கள் மகள் நீக்கப்பட்டவரல்ல. அதைக் காட்டும் காகிதம் மனுத்தாக்கல் அன்று பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது.

இனி பணம். கடந்த ஊரகத் தேர்தல்களில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு வைப்புத்தொகை 600 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு 300. செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய். ஒன்றிய வார்டுக்கு 85,000, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு 1,70,000. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு தகுதியிழப்பு வரும், தோற்றவருக்கும்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்: சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்க 10,000 ரூபாய் வைப்புத்தொகை, பத்து முன்மொழிபவர்கள், 40 லட்சம் வரை செலவு வரம்பு. பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கு தாண்டாவிட்டால் வைப்புத்தொகையும் போச்சு.

நடைமுறையில் ஊராட்சிக்கே லட்சங்களில் செலவாகும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். சில ஊர்களில் பதவியை ஏலம் விடவும் செய்வார்கள். அது குற்றம், அந்தப் பக்கமே போகக் கூடாது. பணிக்கொடையில் ஒரு ரூபாய்கூட தேர்தலுக்கு எடுக்கக் கூடாது. அதை மகள் பெயரில் வைப்பில் போட்டுவிடுங்கள். நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். ஓட்டுக்குப் பணம் கொடுத்தால்தான் ஜெயிக்கலாம் என்ற நிலை இருந்தால், கொடுக்காமல் நின்று தோற்கட்டும். ஊராட்சித் தலைவரின் மதிப்பூதியத்தில் குடும்பம் நடத்த முடியாது. அதனால் அருகிலேயே ஒரு வருமானம் அவசியம். மூன்றாண்டு சட்டப்படிப்பை அரசு சட்டக் கல்லூரியில் நேரடியாகப் படிப்பது ஒரு வழி. தபால் வழியில் வக்கீல் பட்டம் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம், பார் கவுன்சில் அதை ஏற்பதில்லை.

கடைசியாக மகளின் மனசு. இடமாற்றத்தில் சலித்துப்போய் அரசியல் என்கிறாரா, ஊர் வேலை பிடித்துப்போய்ச் சொல்கிறாரா என்பதை நீங்களும் சித்தப்பாவும் ஊகிக்க வேண்டாம். அடுத்த விடுப்பில் வரும்போது ஒன்றிய அலுவலகத்தில் மூன்று நாள் உட்காரச் சொல்லுங்கள். குடிநீர், தெருவிளக்கு, வீட்டு வரி என்று வருகிறவர்களின் பேச்சைக் கேட்கட்டும். யாரிடமும் அரசியல் பேச வேண்டாம். மூன்றாம் நாளும் அவரே கிளம்பிப் போனால் நீங்கள் வழிவிடுங்கள். முதல் நாளே எரிச்சலோடு திரும்பினால் நான்கு வருட நீட்டிப்பு இருக்கவே இருக்கிறது.

ஒருவேளை ஜெயித்துவிட்டால், ஐயா, தலைவர் நாற்காலியில் நீங்கள் உட்காராதீர்கள். பெண் தலைவருக்குப் பதிலாகக் கணவரும் அப்பாவும் ஒப்பந்ததாரரிடம் பேசும் ஊர்கள் ஏராளம். மகளுக்கு வரும் போனை நீங்கள் எடுக்க ஆரம்பித்தால், பத்து வருடம் படையில் அவர் சம்பாதித்த பெயர் ஆறே மாதத்தில் போய்விடும். கல்யாணம் எப்போது என்பதையும் மேஜரே முடிவு செய்துகொள்வார்.