இ20 பெட்ரோல் போட்டால் கார்பன் எப்படிக் குறையும்?

இ20 என்பது 20 சதவீத எத்தனால் (கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) கலந்த பெட்ரோல். எத்தனாலும் எரிந்து புகைதானே விடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூர் அல்சூர் பெட்ரோல் பங்க்கில் என் நண்பரும் இதையேதான் கேட்டார்.

புகை வருவது உண்மை. ஆனால் அந்தக் கார்பன், கரும்பும் மக்காச்சோளமும் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. எரிந்ததும் அங்கேயே திரும்பிப் போகிறது. பெட்ரோலில் இருப்பதோ கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த கார்பன், காற்றுக்குப் புதிய சுமை. இதையும் ஒரு காரணமாகக் கொண்டுதான் 2030-க்கு வைத்திருந்த 20 சதவீதக் கலப்பு இலக்கை மத்திய அரசு 2025-26க்கு முன்னுக்குக் கொண்டுவந்தது. இ20 விற்பனையை 2023 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கிவைத்ததும் நம்ம பெங்களூரில்தான்.

ஆனால் கரும்புக்குப் போடும் உரம், பாசன மோட்டார், ஆலைக் கொதிகலன் எல்லாமே கார்பன் விடுபவை. அதையும் கழித்துத்தான் லாபம் பார்க்க வேண்டும். கர்நாடகாவின் மண்டியா மாவட்டக் கரும்பு குடிப்பது காவிரித் தண்ணீர்; எனக்குப் பெரிய கவலை அதுதான். மைலேஜும் கொஞ்சம் இறங்கும். வைக்கோல், கரும்புச் சக்கையிலிருந்து எடுக்கும் எத்தனாலுக்கே அரசு முதலிடம் தர வேண்டும்.