எதிர்கேயான் அணுக்கருக்கள்: கணிப்புகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

எதிர்கேயான் (விந்தைக் குவார்க் கொண்ட குறுகிய ஆயுள் துகள்) ஒன்று இரண்டு புரோட்டான்களைப் பிணைக்கும் என்பதில் உடன்படும் கோட்பாடுகள், பிணைப்பாற்றலில், அதாவது அவற்றைப் பிரிக்கத் தேவையான ஆற்றலில், ஏன் வேறுபடுகின்றன என்பதே கேள்வி. வேர் லாம்டா(1405) என்னும் துகளில் இருக்கிறது; அடைப்பிலுள்ள எண் அதன் நிறை, மெகா எலக்ட்ரான் வோல்ட் அலகில். அதை எதிர்கேயானும் புரோட்டானும் சுமார் 27 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் பிணைந்த நிலையாகக் கொண்ட கோட்பாட்டாளர்கள் அகாய்ஷியும் யமசாகியும், 2002இல், எதிர்கேயானும் இரு புரோட்டான்களும் சேர்ந்த மூன்று துகள் அமைப்பின் பிணைப்பாற்றலை 48 (இங்கும் இனியும் அதே அலகில்) எனக் கணித்தனர். கைரல் சமச்சீர்மையிலிருந்து (வலுவிசைக் கோட்பாட்டின் ஓர் அடிப்படைச் சமச்சீர்மை) தொடங்கும் கணக்கீடுகளோ அந்நிலையின் நிறையை 1405க்குப் பதில் 1420க்கு அருகில் வைப்பதால், ஈர்ப்பு தளர்ந்து, மூன்று துகள் அமைப்பின் பிணைப்பாற்றல் ஏறத்தாழ 20 ஆகக் குறைகிறது.

ஜப்பானின் ஜே-பார்க் ஆய்வகத்தில் ஹீலியம்-3 இலக்கைக் கொண்டு நடந்த சோதனை, அந்த அமைப்பின் பிணைப்பாற்றல் சுமார் 42 என்றும், அளவீட்டில் தெரியும் உச்சியின் அகலம் (ஆயுள் குறைந்தால் இது கூடும்) 100 அளவில் என்றும் காட்டியது. எதிர்கேயானும் நியூக்ளியானும் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) விரைவில் பையான், சிக்மா என்னும் வேறு துகள்களாக மாறிவிடுவது இந்த அகலத்துக்கு ஒரு காரணம். பிணைப்பாற்றலைவிட அகலம் இருமடங்குக்கு மேல் இருக்கையில், உச்சியின் இடத்தை மட்டும் பார்த்து ஒரு மாதிரியை ஏற்பது, என் பார்வையில், அவசரமே.